துரைத் தொப்பி போட்ட அட்டை

பொம்மைக்கு உப்புப் போட்ட ஆள் கஹவத்தையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ரப்பர் தோட்டத்து அம்மா ஒருவர் என் கடைக்குச் சணல் கயிறு வாங்க வந்தார். விரல் இடுக்கெல்லாம் காய்ந்த ரப்பர் பால். அவர் மேசையில் வைத்த பெட்டியின் மேல் இரத்தம் குடிக்கிற அட்டை ஒன்று, விரல் நீளத்துக்கு. மழைக்காலம், தோட்டத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், உப்புப் பட்டால் சுருண்டு விழும் என்று ஒரு பிடி அள்ளிப் போட்டேன். அதன் தலையில் துரைத் தொப்பி இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

"அது நான் செஞ்சதுங்க" என்றார்.

ரப்பர் பாலை அச்சில் ஊற்றி முப்பது செய்துவிட்டு, அச்சை உடைத்துவிட்டாராம். முப்பதும் கொழும்பில் கலைக் கண்காட்சிக்குப் போகின்றன. ஒவ்வொன்றையும் தாளில் சுற்றுமுன் அதன் வயிற்றில் பொறித்திருந்த வரிசை எண்ணைத் தடவிப் பார்த்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

நம்ம தோட்டத்து அட்டை கொழும்பில் தொப்பியோடு நிற்கப்போகிறது என்று எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

"கடைக்கு ஒரு நூறு செஞ்சு தாங்களேன்."

"முப்பதுதாங்க. அதுக்கு மேல செஞ்சா அது வெறும் பொம்மை."

"அப்ப நான் உப்புப் போட்ட இந்த ஒண்ணையாவது எனக்குக் குடுங்கக்கா."

அவர் என் கையிலிருந்த அட்டைக்குக் கையை நீட்டினார்.

"உப்பைத் தட்டிட்டுக் குடுங்க."