அரபியில் ‘ங்க’ இல்லை

நான் அரபி கற்க ஆரம்பித்தபோது வீட்டில் என்னை நோயாளியாகத்தான் பார்த்தார்கள். ‘அய்ன்’ என்று ஓர் எழுத்து. தொண்டையின் அடியை யாரோ பிடித்து நெரித்தது போல வர வேண்டும். காலையில் பல் துலக்கும்போது அதைப் பழகினால், “ஏனுங்க, நெஞ்சுல ஏதாச்சும் பண்ணுதுங்களா?” என்று மனைவி ஓடி வருவாள். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குடித்தேன். எழுத்து மட்டும் வரவில்லை. போதாததற்கு, நாம் கடன் வாங்கி வைத்திருக்கும் ஒரே ‘ஹ’வுக்கு அங்கே இரண்டு ‘ஹ’. ஒன்று சாதாரணம். இன்னொன்று மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் முன் வாயால் ஊதுவோமே, அது.

இந்த வயதில் இந்தக் கூத்தெல்லாம் ஆசைப்பட்டுத் தொடங்கியதல்ல. நான் அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு சாம்பிள் அனுப்புவது, அவர் குறை சொன்னால் கேட்டுக்கொள்வது, அதற்காக முதலாளி திட்டினால் அதையும் கேட்டுக்கொள்வது, இதுதான் வேலை. முதலாளி என்னைவிட இளையவர். அவருடைய அப்பா காலத்திலேயே நான் சேர்ந்துவிட்டேன். அப்போதெல்லாம் என்னை ‘அண்ணா’ என்று கூப்பிட்டவர், அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்த அன்றே ‘ஏப்பா’ என்று மாற்றிக்கொண்டார். அவருடைய மேசைக்கு முன்னால் நல்ல மெத்தை வைத்த நாற்காலிகள் உண்டு. ஒரு நாளும் என்னை உட்காரச் சொன்னதில்லை. கொங்குநாட்டு மரியாதை என்று ஊரெல்லாம் மெச்சுகிறார்கள். அந்த ‘ங்க’ கீழேயிருந்து மேலே போவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேலேயிருந்து கீழே வரும்போது வழியில் எங்கேயோ உதிர்ந்துவிடுகிறது.

ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: “துபாய்ல ஒரு ஆபீஸ் போடலாம்னு இருக்கறேன். நீ அரபி மட்டும் கத்துக்கிட்டு வந்துரு. அந்த ஆபீஸ் உனக்குத்தான்.”

“சரிங்க மொதலாளி” என்றேன். எனக்கு துபாய் கண்ணில் தெரியவில்லை. ஒரு நாற்காலி தெரிந்தது. அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறுதோறும் பஸ் ஏறி கோவைக்குப் போனேன். உக்கடத்தில் ஒரு மொபைல் கடைக்கு மேலே வகுப்பு. சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு என் மகள் வயது இருக்கும். “வாங்க சார், உக்காருங்க சார்” என்பவர், பாடம் தொடங்கியதும் என்னை ‘அன்த’ என்பார். அன்த என்றால் நீ. பெண்ணாக இருந்தால் அன்தி. இரண்டு பேர் என்றால் அதற்கு ஒரு தனிச் சொல். மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் ‘அன்தும்’.

“சரிங்க டீச்சர், ‘நீங்க’வுக்கு என்னங்க?” என்று கேட்டேன்.

“இல்லீங்க சார். ஒருத்தர்னா அன்ததான். யாரா இருந்தாலும்.”

“பெரிய மனுசராட்ட இருந்தா?”

“அப்பவும் அன்ததாங்க. லெட்டர்ல வேணும்னா பன்மை போடுவாங்க. நேர்ல பேசறப்ப வேண்டாம்.”

சலாம் சொல்லும்போது மட்டும் ‘உங்கள் மீது’ என்று பன்மை வருகிறதே என்று மடக்கிப் பார்த்தேன். அது வாழ்த்து, அது வேற என்று முடித்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. இரண்டு பேருக்கென்று தனி வடிவம் வைக்க நேரம் இருந்த மொழிக்கு, ஒரு பெரிய மனிதருக்கு ஒன்று வைக்க நேரமில்லையா? சூரியனைப் பெண் என்றார்கள், ஒப்புக்கொண்டேன். நிலாவை ஆண் என்றார்கள், அதையும் ஒப்புக்கொண்டேன். இதை மட்டும் நாக்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது வேறொன்று தோன்றியது. அப்படியானால் அங்கே என் முதலாளியும் அன்த. நானும் அன்த. அன்றைக்கு அவிநாசி வரும்வரை எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அந்த வருஷமே ஒரு பையர் துபாயிலிருந்து நேரில் வந்தார். ஒற்றை ஆள். வெள்ளை அங்கி, நல்ல உயரம், முதலாளியே எழுந்து நிற்கிறார். “பேசுப்பா, பாக்கலாம்” என்று என்னை முன்னால் தள்ளினார். டீ குடிக்கிறாயா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். வாரக்கணக்கில் பழகிய வாக்கியம். அந்த மனிதரைப் பார்த்து ‘நீ’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அன்தும்” என்று தொடங்கி முழுவதையும் பன்மையில் கேட்டுவிட்டேன்.

அவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். “அன வாஹித்” என்று தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டினார். நான் ஒருவன்தான் என்று அர்த்தம். பிறகு சிரித்தார். நல்ல சிரிப்பு, அதில் குத்தல் இல்லை. என் தோளைக்கூடத் தட்டிக்கொடுத்தார். முதலாளி சிரிக்கவில்லை. பையர் போன பிறகு என்ன தப்பு என்று என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மறுவாரம் கூப்பிட்டார். மெத்தை நாற்காலியில் அவருடைய மச்சினன் கால்மேல் கால் போட்டுப் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“துபாய்க்கு இவன் போறான். உனக்குத்தான் இலக்கணம் சரியா வரமாட்டேங்குதே. தெரிஞ்ச வரைக்கும் இவனுக்குச் சொல்லிக்கொடுத்துரு.”

மச்சினனுக்கு அரபியில் ஓர் எழுத்து தெரியாது. இலக்கணமா வரவில்லை? இத்தனை வருஷம் இந்த அறையில் நின்று பழகிய மரியாதைதான் அன்றைக்கு வந்து தொலைந்தது. அதையே குற்றம் என்கிறார்.

“எங்கே, எனக்கொண்ணு அரபியில சொல்லு, கேப்போம்” என்றார் முதலாளி, நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தோன்றியது. காதிப் என்றால் பொய்யன். அன்த காதிப். நீ பொய்யன். என் வாழ்நாளில் அவரை ‘நீ’ என்று சொல்ல ஒரே வழி. அவருக்குப் புரியப்போவதுமில்லை. மூச்சை இழுத்துக்கொண்டேன். உச்சரிப்பு சுத்தமாகத்தான் வந்தது.

“அன்த காதிபுங்க.”

‘ங்க’ எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

“அப்படின்னா என்னப்பா?”

“உக்காருங்கன்னு அர்த்தமுங்க மொதலாளி.”

“நாந்தான் உக்காந்திருக்கறனே” என்று சிரித்தார். மச்சினனும் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தான்.

“ஆமாங்க” என்றேன், நின்றுகொண்டே.