ஏரிச் சாடியில் இருந்த பத்தொன்பது மீன்கள்

மார்ச் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்து மேகம் கவிந்திருந்தது. மழை மட்டும் விழவில்லை. மீன் ஆய்வு நிலையத்தின் மாதிரி அறையில் பகலிலேயே விளக்கெரிந்தது.

அங்கே இருபத்தாறு ஆண்டுகளாக மீன்களை அளந்து குறிப்பவரை எல்லாரும் அடிஸ்கேல் என்றே அழைப்பார்கள். ஆளும் ஒட்டடைக்குச்சிதான். "நம்ம வம்சத்துல எலும்பைத்தான் சொத்தாப் பிரிச்சுக் கொடுத்தாங்க. பலகாரக் கடைக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வருஷமாச்சு, ஒரு சுத்துச் சதை வெச்சுதாண்ணே?" என்று அவருடைய தங்கை கேட்கும்போதெல்லாம் வாய்விட்டுச் சிரிப்பார். சிரித்தாரே தவிர, அதைத் தம் தொழிலோடு சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை.

ஓடும் நீரில் வாழும் மீன் ஒல்லியாக நீண்டிருக்கும். தேங்கிய நீரில் வாழ்வது முதுகு உயர்ந்து அகன்றிருக்கும். மீனில் கட்டியிருக்கும் எண் சீட்டைப் பாராமலே இது ஆற்று மீன், இது ஏரி மீன் என்று சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது பலிக்கும். அந்த ஒன்பதுதான் அவரைக் கெடுத்தது.

மூன்று மாதங்களுக்கு முன், ஏரியிலிருந்து வந்த சாடியில் பத்தொன்பது மீன்கள் ஒல்லியாகக் கிடந்தன. நிலையத்துக்கு மீன் பிடித்துத் தரும் வலைக்காரர் ஆற்று மீன்களைக் கலந்துவிட்டார் என்று அவராகவே முடிவுகட்டினார். யாரையும் கேட்கவில்லை. அவற்றின் எண் சீட்டுகளை அறுத்து இழுப்பறையில் போட்டார்; மீன்களை, அளந்து முடித்துச் சீட்டு நீக்கிய இருநூறு ஆற்று மீன்களோடு சேர்த்தார். பிறர் பிழையை ஓசையின்றித் திருத்திய பெருமையோடு வீடு திரும்பினார்.

இன்று மரபணு முடிவு வந்திருந்தது. ஆறானாலும் ஏரியானாலும், பிடித்த இடத்திலேயே ஒவ்வொரு மீனின் துடுப்பிலும் ஒரு துணுக்கைக் கிள்ளி, மீனின் எண்ணோடு சோதனைக்கு அனுப்புவார்கள். ஏரிக்கரையில் கிள்ளியெடுத்த துடுப்புத் துணுக்குகளில் பத்தொன்பது வேறோர் ஆற்று வம்சத்தைச் சேர்ந்தவை; எப்போதோ ஏரியில் விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். பல தலைமுறை தேங்கிய நீரில் வாழ்ந்தும் மூதாதையரின் உடம்பு அவற்றை விட்டுப் போகவில்லையா என்பதை அளந்தறிந்தால்தான் ஆய்வாளர் அம்மையாரின் மூன்றாண்டு உழைப்பு நிறைவுறும். சாடியில் அவை இல்லை. மருந்தில் ஊறிக் கெட்ட உடம்பிலிருந்து மறுபடி மரபணு எடுத்துச் சோதிக்கவும் வழியில்லை.

வலைக்காரர் அழைக்கப்பட்டார். ஈரக் கால்சட்டையோடு வந்து நின்றவரிடம், மீன்களை மாற்றிப் போட்டவர் நாளை முதல் வரவேண்டா என்றார் அம்மையார். வலைக்காரர் வாதாடவில்லை. அடிஸ்கேலைத்தான் சாட்சிக்கு அழைத்தார்.

"அண்ணன்கிட்டயே கேளுங்கம்மா. இத்தனை வருஷத்துல நான் ஒண்ணையாவது மாத்திப் போட்டிருக்கேனான்னு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அடிஸ்கேல் எழுந்தார். இழுப்பறையைத் திறந்து பத்தொன்பது சீட்டுகளையும் மேசைமேல் வைத்தார்.

"அவர் மேல தப்பில்ல மேடம். நான்தான் அறுத்தேன். ஒல்லியா இருந்துச்சு, ஆத்து மீன்னு நினைச்சுட்டேன்."

வலைக்காரரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. அம்மையார் ஆற்றுச் சாடியைத் தாமே தூக்கிவந்து அடிஸ்கேல் முன் வைத்தார். இருநூற்றுப் பத்தொன்பதும் ஒரே வார்ப்பாகக் கிடந்தன.

"சீட்டைப் பாக்காமலே சொல்வீங்களே. இதுல அந்தப் பத்தொன்பது எதுன்னு சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க மேடம்."