பால்கனியிலிருந்து விழுந்த வெள்ளி

நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. எங்கள் சுரங்க ஊரான பொத்தோசியில் அந்த வீடு இன்னும் இருக்கிறது. நடந்தது பட்டப்பகலில். என் கண்ணெதிரே.

சுரங்க வேலையில் என் கணவர் எவுலோகியோவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. மலையடிவாரக் குளிர் வேண்டாமென்று ஊருக்குள் ஒரு பழைய மாளிகையின் கீழ்த்தளத்தில் குடிவந்தோம். முற்றம் முழுக்க சிமெண்ட். மேலே ஒரு மரப் பால்கனி. படி இடிந்துபோனதால் அங்கே யாரும் ஏறுவதில்லை.

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3:40. அவர் மூச்சிரைப்புக்குக் குடிக்க கோகா இலையை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தேன். கிளிங்... கிளிங்... கல்தரையில் காசு உருளும் சத்தம். எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. அப்புறம்தான் உறைத்தது. முற்றத்தில் கல்லே கிடையாது.

புதன்கிழமை, அதே 3:40. இந்தத் தடவை கூடவே ஒரு கூட்டம் மூச்சிரைக்கும் சத்தம்.

"இருபது வருஷம் வெள்ளி மலையைக் குடைஞ்சேன், ஒரு துண்டு வீட்டுக்கு வரல," என்று சிரித்து, இருமினார் எவுலோகியோ. "இப்ப வீடு தேடி வந்தா விடுவேனா?"

"வெளிய போகாதீங்க."

"சும்மா பயப்படாதடி."

வியாழக்கிழமை. முதல் காசு விழுந்ததுமே ஓடினார். நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிற மனுஷன்... ஓடினார்.

"செவெரினா, நிஜ வெள்ளிடி. ராஜா தலை போட்டிருக்கு."

நான் வாசலுக்கு வந்தபோது முற்றத்தில் அவர் மட்டும் குப்புறக் கிடந்தார். முதுகு அமுங்கியது... எழுந்தது... மறுபடி அமுங்கியது.

"மிதிக்கிறாங்க..."

கையைப் பிடித்து இழுத்தேன். என் விரல்களையும் ஏதோ மிதித்தது.

மடக்... மடக்...

அவர் எலும்பு.

3:52. அமைதி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் சட்டையை விலக்கிப் பார்த்தார். "எத்தனை பேர்மா ஏறி மிதிச்சாங்க?" என்றார். முதுகெல்லாம் வெறுங்கால் தடங்கள். குழந்தைக் கால்களும் இருந்தன.

அவருடைய விறைத்த விரல்களைப் பிரித்து எடுத்த அந்தக் காசை, மூன்று வாரம் கழித்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அதிகாரி அதைத் தொடவில்லை.

"ஸ்பெயின் நம்மள ஆண்ட காலத்துல, அங்க புது ராஜா பட்டமேறினதுக்கு அடிச்ச காசு. உங்க பால்கனியில நின்னு ஜனங்க மேல வீசினாங்க. நெரிசல்ல நிறைய பேர் செத்தாங்க."

"நீங்களே வச்சுக்குங்க. எனக்கு வேணாம்," என்றேன்.

அவர் இழுப்பறையைத் திறந்து காட்டினார். அதே காசு. மூன்று.

"இதெல்லாம் அந்த வீட்ல குடியிருந்தவங்க கொண்டுவந்ததுதான்மா," என்றார். "மூணு பேருமே விதவைங்க."