களவெட்டிக்குப் போன கிளி

மூன்று வேளாண்மை வெட்டுக்கு நான் கிளியோடு போயிருக்கிறேன். ஒரு தோளில் சாக்குப் பை, மறு கையில் கிளிக்கூடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்முனைத் துறையில் தோணி ஏறுகிற ஆளைப் பார்த்து நின்றவர்களெல்லாம் பல்லைக் காட்டினார்கள். "வாத்தியார் ஆருக்குப் பாடஞ் சொல்லிக் குடுக்கப் போறார்?" என்பார்கள். காட்டட்டும் என்று விட்டுவிட்டேன். கூட்டை மட்டும் விடவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் வீடு மாறுகிறவன் ஆண்தான். வீடும் வளவும் பெண்ணுக்கு. அப்படி நான் கல்லடியில் அம்மாவின் வீட்டை விட்டு ஆரையம்பதியில் மனைவியின் வீட்டுக்குப் போனபோது என்னுடையது என்று கொண்டுபோனவை இரண்டு: ஒரு தகரப் பெட்டி, ஒரு கிளி. பெட்டிக்குள் இருந்த உடுப்புகளையும் மாமி ஒரு மாதத்துக்குள் மாற்றிவிட்டாள். மிஞ்சியது கிளி. அதுவும் போனால் நான் முழுக்க அவர்கள் ஆள் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது.

மாமனார் வீட்டார் கெட்டவர்கள் என்றால் சண்டை பிடித்திருக்கலாம். நல்லவர்கள், அதுதான் கரைச்சல். மீனில் தலை எனக்கு, தயிரில் ஆடை எனக்கு. மாமா ஒரு நாளும் என்னை 'நீ' என்றதில்லை. ஆனால் எதையும் என்னிடம் கேட்டுச் செய்ததுமில்லை. பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட அன்று மாலையே, "மருமகன், நாளைக்கு விடிய வெள்ளாப்பில தோணி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வருகிறீர்களா என்ற கேள்வி அந்த வாயில் இல்லை. நானும் ஓம் என்பேன். எனக்குக் கோபம் நிறைய வரும். வெளியில் வருவதற்குள் அது ஓம் ஆகிவிடும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாமாவின் வயல் வட்டை. தோணியால் இறங்கி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். வயலின் நடுவே மேட்டில் வாடி: நாலு கம்பு, மேலே வைக்கோல், கீழே பாய். வெட்டி, கதிரைக் குவித்துச் சூடு வைத்து, மிதித்து, தூற்றி, சாக்கில் கட்டும்வரை மூன்று வாரமும் அங்கேதான் சமையல், அங்கேதான் படுக்கை. இடையில் ஒருவரும் ஊருக்குத் திரும்புவதில்லை. ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை தோணிக்காரக் காக்கா தேங்காயும் கருவாடும் கொண்டுவருவார். அவர் காத்தான்குடி முஸ்லிம், அண்ணன் முறைக்கு எல்லாரும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம், வார்த்தை சுத்தமான மனிதர். மற்றப்படி பார்க்கும் இடமெல்லாம் அறுத்த தாள், கச்சான் காற்று, வெயில். கிளி மட்டும் வாடிக் கம்பில் தொங்கிக்கொண்டு அம்மாவின் குரலில் பேசும்.

முதல் இரண்டு முறையும் ஒரு குறையும் வரவில்லை. மூன்றாம் முறை குரங்குகள் வந்தன. நாங்கள் எல்லாரும் சூடு மிதிக்கப் போன நேரம் பார்த்து வாடிக்குள் புகுந்து கூட்டை உலுக்கியிருந்தன. நான் வந்து பார்த்தபோது கிளி கூட்டின் அடியில் ஒடுங்கிக் கிடந்தது. வாலில் பாதி இல்லை. அடுத்த நாள் ஒருவரையும் கேட்காமல் கூட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் களவெட்டி ஓரத்தில் நின்ற மருதமரத்தில் கட்டினேன். அந்த வீட்டில் நான் கேட்காமல் செய்த முதல் காரியம் அது.

களவெட்டி என்றால் சூடு மிதிக்கிற, பொலி தூற்றுகிற வட்டமான களம். அதற்குள் செருப்பில்லை, குடையில்லை, பெண்கள் பக்கத்திலும் வருவதில்லை. நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட, 'இல்லை', 'முடிந்தது', 'போதும்' என்ற மூன்றும் வாயில் வரவே கூடாது. போதும் என்றால் பக்கத்தில் காத்திருக்கிற பூதம், 'அப்படியென்றால் மிச்சம் எனக்கு' என்று வாரிக்கொண்டு போய்விடுமாம். பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிப்பிக்கிறவன் நான். ஆனாலும் களத்துக்குள் கால் வைத்தால் அந்தச் சொற்கள் என் தொண்டையிலும் நின்றுவிடும்.

கிளி பூகோளமும் படித்ததில்லை, களமும் கண்டதில்லை. அது பேச்சுப் படித்தது கல்லடிக் குசினியில், அம்மாவின் அடுப்படியில். அங்கே அம்மா சுளகில் அரிசி கொட்டுவாள், நான் பானைக்கு அளவு பார்த்துக்கொண்டு போதும் போதும் என்பேன். தினமும் இதுதான் எங்கள் வீட்டுக் கச்சேரி. தானியம் கொட்டுகிற சத்தம் கேட்டால் கிளிக்கு வாய் சும்மா இருக்காது. இதை நான் யோசிக்கவே இல்லை. குரங்கைத்தான் யோசித்தேன்.

பின்னேரம் காற்று நன்றாக எழும்பியது. வயலைப் பொறுப்பாகப் பார்க்கிற முல்லைக்காரர் உயரமான முக்காலியில் ஏறி நின்று சுளகைச் சரித்தார். சரசரவென்று பொலி விழுந்தது.

"போதும்! போதும்! போதும்!"

என்னுடைய குரல். கிளி அப்படியே என் குரலில் சொன்னது. முல்லைக்காரரின் சுளகு அந்தரத்தில் நின்றது. எல்லாரும் முதலில் என் வாயைப் பார்த்தார்கள், பிறகு மரத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் ஓடிப்போய்ச் சால்வையால் கூட்டை மூடினேன். இருட்டுக்குள்ளிருந்து இன்னும் ஒருமுறை சொன்னது.

மாமா ஒரு தேங்காயை எடுத்து உடைத்தார், கர்ப்பூரம் கொளுத்தினார், வேலையை மறுநாளுக்கு விட்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாடிக்கு வந்து கால் கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காக்கா வருவார். உங்கட கிளி, மருமகன். நீங்கதான் யோசிக்கணும். அதோட நீங்களும் போறதெண்டாலும் எனக்கு ஒண்டுமில்ல."

அதன் பொருள் எனக்கு விளங்கும். பொலி கட்டுமுன் களத்தை விட்டுப் போன மருமகன் என்ற பெயர் ஆரையம்பதி முழுக்கப் பரவும். மனைவிக்கு அப்போது ஏழு மாதம். அவள் அந்தப் பேச்சைச் சுமக்க வேண்டும். கிளியோடு போவதா, கிளியை விட்டுவிட்டு நிற்பதா? விடியும்வரை பெரிய வீரனாக யோசித்தேன். விடிந்ததும் கூட்டைக் காக்காவிடம் கொடுத்து, கல்லடியில் அம்மாவிடம் சேர்க்கச் சொன்னேன். மாமா அவரைக் கூப்பிட்டு, "களத்துக் கதையக் கரையில கதைக்கப்படா, காக்கா" என்றார். காக்கா தலையை ஆட்டினார்.

நான் வாத்தி. பையில் பென்சில் இருந்தது, கடதாசி இருந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் அடுத்த வீட்டில் ஆள் இருந்தது. ஒரு வரி எழுதியிருக்கலாம். என்ன எழுதுவது? என் கிளிக்கு இங்கே இடமில்லை, எனக்கு இருக்கிறது என்றா? வெட்கத்தில் எழுதாமல் விட்டேன். அந்தப் பிழைக்கு நான் வேறு எவரையும் குற்றம் சொல்ல முடியாது.

காக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கூட்டை அம்மாவின் கையில் கொடுத்து, "உங்கட மகன் தரச் சொன்ன" என்றாராம். மகன் எங்கே என்று அம்மா கேட்டாள். "அங்கதான்" என்றாராம். என்ன நடந்தது என்று கேட்டாள். காக்கா தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். பாதி வாலோடு கிளி வந்திருக்கிறது, மகன் வரவில்லை, கொண்டுவந்தவன் முகத்தைப் பார்க்கிறான் இல்லை. ஒரு தாய் வேறு என்னத்தை நினைப்பாள்?

அம்மா ஆரையம்பதிக்குப் போகவில்லை. பிள்ளைத்தாய்ச்சியிடம் போய்க் கேட்கிற கேள்வியா அது? நேரே துறைக்கு நடந்து, கிடைத்த தோணியில் ஏறி, வழி கேட்டுக் கேட்டு வட்டைக்கே வந்துவிட்டாள்.

அன்று பொலி அள்ளுகிற நாள். மாமாவின் களத்தில் அள்ளத் தொடங்கினால் கடைசிச் சாக்கின் வாய் கட்டும்வரை ஒருவரும் பேசுவதில்லை, களத்தை விட்டு இறங்குவதில்லை. நான் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். வரம்பில் ஒரு வெள்ளைச் சேலை வருவதைக் கண்டேன். நடையைக் கொண்டே அம்மா என்று தெரிந்துவிட்டது. முல்லைக்காரர் அவளுக்குக் கையைக் காட்டினார், நில் என்று. அம்மா நின்றாள்.

"மனே!" என்றாள்.

நான் கிறுகிப் பார்த்தேன். முகம் வெயிலில் கறுத்து, காலெல்லாம் சேறு. ஏன் வந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் நல்லதுக்கு வரவில்லை என்று தெரிந்தது. இன்னும் ஒருமுறை கூப்பிட்டாள். மாமா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் அள்ளிக்கொண்டே இருந்தார். சாக்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி நான் நின்றேன். சாக்கு நிறைந்தது. அடுத்த சாக்கை விரித்தேன். கண் எரிந்தது, தூசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசிச் சாக்கைக் கட்டிவிட்டு வரம்புக்கு ஓடினபோது அங்கே ஒருவரும் இல்லை. தோணி காத்து நிற்காது என்று போய்விட்டாளாம்.

ஊருக்கு வந்த மறுநாளே கல்லடிக்குப் போனேன். கூடு குசினி வாசலில் தொங்கியது. கிளிக்கு வால் முளைக்கத் தொடங்கியிருந்தது. அம்மா எனக்குச் சோறு போட்டாள், மீன் பொரித்தாள், மருமகளின் சுகம் கேட்டாள். களத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் தொடங்கினேன்.

"அண்டைக்குக் கதைக்கப்படா அம்மா. களத்தில அப்படித்தான்."

"வாயத் திறக்கப்படா எண்டா, ஒரு கையத் தூக்கவும் படாதா?"

எழும்பிப்போய்க் கூட்டைக் கழற்றினேன், கொண்டுபோகலாம் என்று. அம்மா சட்டி கழுவிக்கொண்டே சொன்னாள்:

"அத விட்டுட்டுப் போ. நான் கூப்பிட்டா அது வாய் திறக்கும்."

அது களவெட்டி இல்லை, எங்கள் வீட்டுக் குசினி. என் வாயைக் கட்ட அங்கே மாமாவும் இல்லை, பூதமும் இல்லை. அப்படியும் நான் ஒன்றும் சொல்லவில்லை.