புதுச் சிப் வரும்வரை

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பழசைக் கழித்துவிடுவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். உடைந்த வாளி, கைப்பிடி போன சட்டி எல்லாம் வெளியே போகும். அந்த வருடம் நான் ஒருபடி மேலே போய், சோறு போட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டரையே கழித்துவிட்டேன். அம்மா அதற்குப் பொட்டு வைத்து, பூண்டுலோயாவில் இருக்கும் சித்தி மகளின் படிப்புக்கென்று கொடுத்தாள். புதியதுதான் மாசக் கடைசியில் வருகிறதே என்ற தெம்பு எங்களுக்கு.

கந்தப்பளைத் தோட்டத்து வீட்டில் இருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்குக் கட்டட வரைபடம் போட்டுக்கொடுப்பது என் வேலை. அவர்கள் புதிய மென்பொருளுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அது வரப்போகும் ஒரு புதுச் சிப்பில்தான் ஓடுமாம். நுவரெலியா கடைவீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முதலாளி, அந்தச் சிப் வைத்த மெஷின் தைப்பூசத்துக்கு முன்னால் வந்துவிடும் என்று அடித்துச் சொன்னார்.

தைப்பூசம் வந்தது, சிப் வரவில்லை. தொழிற்சாலையில் ஏதோ கோளாறு, செய்ததில் பாதி தேறவில்லை என்றார். பிறகு, தேறியதைப் பெரிய நாடுகள் அள்ளிக்கொண்டன என்றார். நமக்கு எப்போது என்று கேட்டால் கொழும்புக்கே தெரியாதாம். பக்கத்து டிவிஷனில் யாருக்குக் கல்யாணம் என்றுகூடத் தெரியாத நான், தைவான் தொழிற்சாலைகளின் நல்லது கெட்டதை விரல் நுனியில் வைத்திருந்தேன். நடுராத்திரியிலும் எழுந்து, போனில் 'மீண்டும் தாமதம்' என்று வந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

சம்பளத்துக்காக மட்டும் பயப்படவில்லை. அம்மாவுக்கு மூச்சிழுப்பு. பனியில் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகவே கூடாது என்று டாக்டர் கண்டித்த பிறகுதான், என் வேலையை நம்பி அவள் தோட்டத்து வேலையாட்களின் பதிவான செக்ரோலில் இருந்து பேரை எடுத்தாள். தோட்டத்தில் ஒருவர் பேராவது பதிவில் இல்லாத வீட்டுக்கு லயத்து அறை நிச்சயமில்லை. என் வேலையும் போனால் வாடகைக்குப் போக வழி கிடையாது. அம்மா மறுபடி மலை ஏறித்தான் ஆக வேண்டும்.

பழைய மென்பொருளில் முடிக்க இன்னும் கொஞ்சம் வேலை இருந்தது. சித்தி மகளிடம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கேட்கலாமா என்று மெல்ல ஆரம்பித்தேன். பொட்டு வைத்துக் கொடுத்ததை எந்த முகத்தோடு கேட்பது என்று அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். கம்பனியும் பொறுத்துப் பார்த்துவிட்டு, மெஷின் வரும்வரை என் வேலையை வேறு ஆளுக்குக் கொடுப்பதாக எழுதியது. அதை அம்மாவிடம் மறைத்தேன். காலையில் போனை வைத்துக்கொண்டு வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருப்பேன்.

அந்த வாரம் தண்ணீர்க் குழாயடியில், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அம்மாவை நிறுத்திப் பேசியதை வாசலில் இருந்து கேட்டேன்.

"மக வேல எப்படிம்மா போகுது? வீட்ல யாரும் பேரு பதியலன்னு தொர கேக்குறாரு."

அவர் அதட்டியிருந்தால் கோபமாவது வந்திருக்கும். தணிந்த குரலில் கேட்டதுதான் பயமாக இருந்தது.

இரண்டொரு நாளில், நான் எழுந்தபோது அம்மாவைக் காணவில்லை. ஆணியில் மாட்டியிருந்த படங்கும் இல்லை. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் இடுப்பில் கட்டுவது அது. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓடினேன். கடைசி வரிசையில் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வாம்மா என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"வேல இல்லாம உக்காந்திருக்கன்னு எனக்குத் தெரியாதா? போ, பனியில நிக்காத."

அன்று முழுக்கத் தோட்டத்து லொறி இறங்கி வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம், அவளைத்தான் தூக்கி வருகிறார்களோ என்று வாசலுக்கு ஓடினேன். அப்படியே மாதங்கள் போயின.

சித்திரை கழிந்து ஒருவழியாகச் சிப் வந்தது, புதுக் கம்ப்யூட்டரும் வீடு சேர்ந்தது. கம்பனியும் என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டது. முதல் வரைபடத்தை அனுப்பிய கையோடு, நாளைக்கே செக்ரோலில் இருந்து பேரை எடுத்துவிடச் சொன்னேன். அம்மா இருமி முடித்துவிட்டுக் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி இத மாத்த வேண்டியதில்லையே?"

பொய் சொல்லியிருக்கலாம். அடுத்த சிப்பைப் பற்றி இப்போதே அறிவித்துவிட்டார்கள் என்றேன்.

"அது எப்ப வருமாம்?"

"தெரியாதும்மா."

"அப்ப எம்பேரு அங்கயே இருக்கட்டும்," என்று சொல்லி, ஈரப் படங்கை அடுப்புக்கு மேலே காயப் போட்டாள்.