சாத்திய கதவுக்குள் ரொட்டி சுட்டவர்

1950களின் நடுவில், ஒரு மழைக்காலத்தில் என் புருஷனுக்குக் கால் முறிந்தது. அப்போது டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அவர் தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். சரிவில் வழுக்கி, தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்துவிட்டார். நுவரெலியா ஆஸ்பத்திரியில் முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு, பொங்கல் கழியும்வரை மலை ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதுவரை என் பகல் எப்படிப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. கொடுத்த கணக்கை வெட்டி முடித்துவிட்டால் ஆண்களுக்கு மத்தியானத்தோடு வேலை தீர்ந்துவிடும். வந்து குளித்துவிட்டுப் பாலத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். நாங்கள் பொழுது சாயும்வரை கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, விறகையும் தலையில் வைத்துக்கொண்டு, வரிசை வீடுகளான லயத்துக்கு வருவோம். இப்போது அவர் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில் காலை நீட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். இருட்டோடு எழுந்து, மலையிலிருந்து விழும் பீலியில் தண்ணீர் பிடிப்பதை, ரொட்டி சுடுவதை, கைக்குழந்தையைத் தோட்டத்து ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுவதை, மத்தியானம் பால் கொடுக்க வந்த கையோடு சோறு வடித்துவிட்டு மறுபடி கொழுந்து மலைக்கு ஓடுவதை.

ஒரு நாள் கேட்டார்: "ஏன் புள்ள, நீ உக்காரவே மாட்டியா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "எங்க உக்காரச் சொல்றீங்க?" என்றேன்.

அடுத்த நாள் சாயங்காலம் நான் வந்தபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரே புகை. அடுப்புக்கு முன்னால் கட்டுக்காலை ஒரு பக்கமாய் நீட்டி உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். பாதி கருகியிருந்தது. கண் இரண்டும் சிவந்து தண்ணீராய் ஊற்றியது. நான் வாயைத் திறப்பதற்குள், "கதவச் சாத்து, கதவச் சாத்து" என்றார்.

அப்படியே நடந்தது. ஏழு வயது மூத்த மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சின்னக் குடத்தில் தண்ணீர் கொண்டு வருவாள், அவர் கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தார். களவு செய்கிறவர்கள் மாதிரி இருந்தோம்.

ஒரு நாள் அவருடைய அண்ணன் லயத்துப் பக்கம் வந்திருக்கிறார். கூரையிலிருந்து புகை கிளம்புகிறது, கதவோ உள்ளே தாழ் போட்டிருக்கிறது. காம்பரா தீப்பிடித்துவிட்டது, தம்பி கட்டுக்காலோடு உள்ளே மாட்டிக்கொண்டான் என்று பதறிக் கதவை உதைத்துத் திறந்துவிட்டார். உள்ளே தம்பி மாவு பிசைந்த கையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கொடியில் அவர் துவைத்துப் போட்ட என் சேலை தொங்கியது.

அன்றைக்கே லயம் முழுக்கத் தெரிந்துபோயிற்று. மறுநாள் தேயிலை நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களே, "ஒங்க வீட்டுல இப்ப யாரு சேல கட்டுறது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால், திருவிழா பேசக் கூடிய இடத்தில், நாங்களும் இருக்க, அண்ணன் பேச்சை எடுத்துவிட்டார். "ஆம்பள அடுப்படியில உக்காந்தா குடும்பம் வெளங்குமா? இன்னைக்கு இவன் செய்வான், நாளைக்கு எல்லாப் பொம்பளைகளும் கேப்பாளுக."

சங்கத்துத் தலைவரும் இருந்தார். தொழிலாளி எல்லாரும் சமம் என்று மேடையில் முழங்குகிறவர். அவர் நிதானமாகச் சொன்னார்: "பெரியவங்க பிரிச்சு வச்சதுல ஒரு நாயம் இருக்கு. வெளி வேல ஆம்பளைக்கு, வீட்டு வேல பொம்பளைக்கு."

எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்த அக்கா எழுந்தார். புருஷன் செத்தபின் தனியாக மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். "அப்ப மலை என்னா வீட்டுக்குள்ளயா இருக்கு, தலைவரே?" என்றார்.

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. ஒருவர் எரிச்சலோடு, "அப்ப பொம்பள ராச்சியம் வேணுங்கிறீங்களா? நீங்களே ஆளுறீங்களா?" என்று கத்தினார்.

"ஆளவெல்லாம் வேணாந்தம்பி. கொஞ்ச நேரம் உக்காந்தா போதும்" என்றார் அக்கா.

"கும்புடுறதே பொம்பளையத்தானே! இன்னும் என்ன மதிப்பு வேணும்?" என்றார் அண்ணன், கோயிலைக் காட்டி.

"அவளையும் உள்ள வச்சுப் பூட்டி, சாவிய நீங்கதான வச்சிருக்கீங்க?" என்றார் அக்கா.

தலைவர் என் புருஷன் பக்கம் திரும்பி, "நீ சொல்லுப்பா" என்றார். என் புருஷன் கம்பை ஊன்றி எழுந்தார். என்னைப் பார்த்தார். எனக்காக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"கால் சரியாகுற வரைக்குந்தான்" என்றார்.

ஆண்கள் எல்லாருக்கும் மூச்சு வந்தது. "அதச் சொல்லு மொதல்ல" என்று அண்ணன் தோளில் தட்டினார். பேச்சு காவடி, மேளம் என்று போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்ல? நாளைக்குப் பாலத்தடியில என்னைய மனுசனா மதிப்பானுகளா? நீ இந்த லயத்த விட்டு எங்க போயிருவ? நான் எங்க போயிருவேன்? இதுக்குள்ளதான கெடக்கணும்."

அவர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் இன்னும் மூச்சு முட்டியது.

அனுமதி கிடைத்துவிட்டதால் மீதி நாட்களில் கதவைத் திறந்து வைத்தே சமைத்தார். ரொட்டியும் வட்டமாக வரத் தொடங்கியது. நான் வேலை விட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்து, அவர் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தேன். நாளெல்லாம் பறிக்கிற கொழுந்துதான், ஆனால் உட்கார்ந்து குடித்தால் அதற்கு ஒரு ருசி இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

பொங்கல் கழிந்து கட்டைப் பிரித்தார்கள். நொண்டிக்கொண்டே பெரட்டுக்குப் போனார். அன்று பொழுது சாய நான் வந்தபோது அடுப்பு அணைந்து கிடந்தது. அவர் பாலத்தடியில் இருந்தார். நான் அவரைக் கூப்பிட ஆளனுப்பவில்லை, சண்டை போடவில்லை. விறகை இறக்கிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஒரு வாரம் போனது. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இரக்கமில்லாதவர் இல்லை. ஒரு நாள் மெதுவாக, "மூத்தவ இருக்காளே, அவ பழகிக்கட்டும்" என்றார்.

"அவ படிக்கட்டுங்க."

"படிச்சு எங்க போகப் போறா?"

ஐந்தாம் வகுப்பு வரை காலையில் பள்ளிக்கூடம் போகட்டும் என்பதில் மட்டும் நான் பிடியாய் நின்றேன். அதில் ஜெயித்தேன். மத்தியானத்துக்குமேல் அடுப்பு அவளுடையது. அவள் ஊதுகுழலை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னம் உப்ப ஊதுவாள். நான் வரும்போது ரொட்டி வட்டமாக அடுக்கியிருக்கும். "உக்காரும்மா" என்பாள்.

உட்காருவேன். என் இடுப்பு வலி குறைந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.