ஒடிந்த ஃபெரைட் குச்சியும் ஒரு மரண அறிவித்தலும்

ஜெகதளாவுக்கு அருகே ஒரு எஸ்டேட்டில் என் கணவர் ஃபேக்டரி எலக்ட்ரீஷியனாக இருந்தார். நான் குன்னூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கீழே இருந்த லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசி வீட்டில், கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா தனியாக இருந்தார். திருமணமான புதிதில், மலையகத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய இரு நாட்டு ஒப்பந்தப்படி கணவரோடு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. மகன் திருப்பூரில் வேலையாக இருந்தான்.

தினமும் மாலை ஆறே முக்காலுக்கு அந்த அக்கா வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பழைய டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்வார். இலங்கைத் தமிழ் ஒலிபரப்பு. பாட்டுக்குத்தான் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டபோது சிரித்தார்.

"பாட்டு எதுக்கு டீச்சர். மரண அறிவித்தல் வாசிப்பாங்க. அதுக்குத்தான்."

அவருக்கு ஒரு தங்கை. கப்பலேறும் சமயத்தில் அவளுக்கு அங்கேயே கல்யாணமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்திருந்ததால் அவள் தங்கிவிட்டாள். சில வருடங்கள் கடிதம் வந்தது. அங்கே கலவரம் வந்தபிறகு அவர்கள் தோட்டம் மாறிப் போக, கடிதமும் நின்றது.

"அது பேரு வரலன்னா அது உசுரோட இருக்குன்னுதான அர்த்தம்? கேட்டுட்டு நிம்மதியா சோறாக்கப் போவேன்" என்றார்.

அந்த ரேடியோவை ஒரு குரங்கு எடுத்துப் போனது. ஜன்னலுக்குள் கையை விட்டுத் தூக்கிக்கொண்டு கூரைமேல் ஏறி, தின்ன முடியாது என்று தெரிந்ததும் கல்தரையில் போட்டுவிட்டது. அக்கா அதை ஒரு அரிசிப் பையில் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

என் கணவர் திறந்து பார்த்தார். உள்ளே கறுப்பாக, சுண்டுவிரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய ஒரு குச்சி இரண்டாக ஒடிந்திருந்தது. ஃபெரைட் குச்சி. இரும்புத் துருப்பொடியோடு வேறு சில பொடிகளையும் கலந்து அழுத்திச் சூளையில் சுட்டுச் செய்வது, அதனால் பீங்கான் போல உடையும். ரேடியோ அலையில் மின்புலமும் இருக்கிறது, காந்தப்புலமும் இருக்கிறது. மாடியில் கட்டும் நீளக் கம்பி மின்புலத்தைப் பிடிக்கும். இந்தக் குச்சி சுற்றியிருக்கும் காந்தப்புலத்தைத் தனக்குள் இழுத்து, தன்மேல் சுற்றிய சுருளுக்குள் செலுத்தும். இருபது வருடமாக இதைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஒடிந்த குச்சியைக் கையில் பிடித்தது அன்றுதான்.

ஃபெவிக்விக் வைத்து ஒட்டிப் பார்த்தோம். ஊட்டி நிலையம் கணீரென்று கேட்டது. இலங்கை, முள் வழக்கமாக நிற்கும் அதே இடத்தில், கிணற்றடியிலிருந்து பேசுவது போல முனகியது. ஒட்டிய இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் காந்தப்புலம் அங்கே தடுமாறும்.

குன்னூர் பஜாரில் ரேடியோ பழுது பார்க்கும் பாயிடம் சனிக்கிழமை போனேன்.

"ஏனுங்க டீச்சர், இப்ப யாருங்க மீடியம் வேவ் கேக்கறாங்க? இந்த சைஸ் ராடு என்கிட்ட இல்லீங்களே" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். பிறகு தகரப் பெட்டி ஒன்றைக் கிளறி, பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய, நிலையம் மாற்றத் திருப்பும் ஒரு கேங் கண்டென்சரை எடுத்தார். "ராடு இல்லாட்டிப் போகுது. பெருசா ஒரு லூப் சுத்துங்க. இதை மாட்டி ட்யூன் பண்ணுங்க. ரேடியோவப் பக்கத்துல வெச்சாப் போதும், ஒயர் ஒண்ணும் குடுக்க வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதுதான் வேலை. மெல்லிய சில்வர் ஓக் மரக்கட்டைகள் இரண்டைக் குறுக்காக அடித்து, நுனிகளில் வெட்டுப் போட்டு, ஃபேக்டரியில் மோட்டார் சுற்றி மிஞ்சிய கம்பியைப் பதினொரு சுற்றுச் சுற்றினோம். என் கணவர் கம்பியை இழுத்துப் பிடிக்க, நான் எண்ண, அக்கா தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு கதவு அகலத்துக்குச் சட்டம் வந்தது. ஃபெரைட் சின்ன இடத்தில் செய்வதை, காற்றை மட்டும் உள்ளே வைத்த சுருள் செய்ய வேண்டுமானால் இவ்வளவு பெரிதாக வேண்டும்.

அக்காவின் வாசலில் அதை நிறுத்தி, ரேடியோவை நடுவில் ஒரு ஸ்டூலின் மேல் வைத்தோம். ஆறரை மணிக்கு வெறும் இரைச்சல். கண்டென்சரின் குமிழை மெல்லத் திருப்பினேன். ஓரிடத்தில் குரல் சட்டென்று எழுந்து வாசல் நிறைந்தது. ஆனால் கூடவே ஒரு கரகரப்பும் வந்தது. ஃபேக்டரியில் புதிதாக மாட்டிய எல்.இ.டி விளக்குகளின் தொல்லை.

"சட்டத்தத் திருப்பிப் பாருங்க" என்றார் என் கணவர்.

லூப்பின் ஓரம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அந்தத் திசையிலிருந்து வருவது உரக்கக் கேட்கும். தட்டையான முகம் பார்க்கும் திசையிலிருந்து வருவது அடங்கிவிடும். முகத்தை ஃபேக்டரிப் பக்கம் திருப்பினேன். கரகரப்பு தேய்ந்து போனது. குரல் மட்டும் நின்றது.

அக்கா சட்டத்தின் ஓரத்தைப் பார்த்தார். "அப்ப எங்க ஊரு இந்தப் பக்கந்தானா, டீச்சர்?"

தென்கிழக்கே, தேயிலைச் சரிவைத் தாண்டிப் பனி ஏறிக்கொண்டிருந்தது. "ஆமாங்க்கா" என்றேன். நேர் எதிர்த்திசையிலிருந்து வந்தாலும் லூப்புக்கு ஒன்றுதான் என்பதைச் சொல்லவில்லை.

அதன்பிறகு பள்ளிவிட்டு வந்தால் நானும் அந்தப் படியில் உட்காரப் பழகிவிட்டேன். யார் யாரோ இறந்துகொண்டிருந்தார்கள். அன்னாரின் அன்பு மனைவி, பாசமிகு தந்தை, பூதவுடல் இன்ன தோட்டத்தில் இத்தனை மணிக்கு. நிதானமான, அழகான தமிழ். இப்போதும் அந்த வாசிப்பை நினைத்தால் ஈரத் தேயிலை வாசம் வருகிறது.

மழை விட்ட ஒரு மாலை, ஒரு ஆணின் பெயரை வாசித்தார்கள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அடுத்து, "அன்னார்..." என்று தொடங்கி மனைவியின் பெயர் வந்தது, முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல் இல்லாமல். பிறகு பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், தோட்டத்தின் பெயர், டிவிஷன்.

அறிவித்தல் முடிந்து அடுத்த பெயருக்குப் போய்விட்டது. அக்கா கையை விடவில்லை.

"மச்சான் போயிட்டாரு, டீச்சர்." கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "எங்க தங்கச்சி இருக்கு. பேரப்புள்ள எல்லாம் இருக்காம்."

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. ரேடியோவில் கேட்ட தோட்ட முகவரியை ஓடிப்போய்க் கையில் கிடைத்த வினாத்தாளின் பின்புறம் எழுதினேன். மறுநாள் துக்கம் விசாரித்து ஒரு கடிதம் போட்டோம், என் போன் நம்பரையும் சேர்த்து.

ஐந்து வாரம் கழித்து அழைப்பு வந்தது. அப்போது எங்கள் குவார்ட்டர்ஸில் கழிவறை மேட்டில் மட்டும்தான் சிக்னல் எடுக்கும். அக்காவை அங்கே நிறுத்திப் போனைக் கொடுத்தேன். ஒருவர் குரலை ஒருவர் கேட்டு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அக்காதான் ஆரம்பித்தார்.

"சாப்புட்டியா?"

பிறகு அரைமணி நேரம் அங்கேயே நின்றார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மகன் அவருக்கு நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுத்தான். தங்கையின் பேத்தி படங்கள் அனுப்பினாள். அடுத்த கோடையில் அக்கா திருப்பூருக்கே குடிபோய்விட்டார். போகும் முன் ஒரு மாலை, ரேடியோ போடவில்லையா என்று கேட்டேன்.

"இனி எதுக்கு? அது தும்மினாக்கூட எனக்குத் தெரியுது" என்றார்.

ரேடியோவையும் சட்டத்தையும் எங்கள் வீட்டில் விட்டுப் போனார். நான் தொடர்ந்து கேட்டேன். அந்தப் பெயர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆறே முக்காலுக்கு என்னால் சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.